பின்சீட்டு ஹெல்மெட்

மேம்பாலத்துக்குக் கீழே, படிக்கட்டு திரும்பும் இடத்தில் இருக்கும் அந்தப் பை தைக்கும் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கம்பியில் தொங்கும் பள்ளிக்கூடப் பைகளும் சக்கரம் கழன்ற பெட்டிகளும்தான் விளம்பரம். உள்ளே ஒரு தையல் மெஷின், ஒரு ஸ்டூல், பகலிலும் எரிகிற ஒரு டியூப் லைட். மேலே பாலத்தில் லாரி போனால் லைட் ஒரு தடவை சிமிட்டிவிட்டுத் திரும்ப எரியும். மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளை அந்த வட்டாரத்தில் எல்லோரும் ஜிப்பக்கா என்பார்கள். ஊரில் உள்ள ஜிப்பையெல்லாம் சரிபண்ணுகிறவளுக்கு வாயில் மட்டும் ஜிப் வைக்க மறந்துவிட்டார்கள் என்பது பக்கத்து சாவிக்கடைக்காரரின் கேலி.

கொஞ்ச நாளாக அவர் அந்தக் கேலியைச் சொல்வதில்லை. ஜிப்பக்கா வாயைத் திறந்தால்தானே!

அன்று மத்தியானம் நல்ல வெயிலில் ஒரு அம்மாள் வந்தார். தலை பாதி நரைத்தவர். ஸ்டூலில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு கைப்பையை எடுத்து மேஜையில் வைத்தார். தேன் நிறத்தில், தோளில் மாட்டுகிற பை. அதன் வார் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது.

"கெட்டியா தைச்சுக் குடும்மா. இனிமே இதை நான்தான் மாட்டிக்கப் போறேன்."

ஜிப்பக்கா பையைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் முழுக்க மேல்தோல் உரிந்து உள்ளே இருந்த துணி தெரிந்தது. தார் ரோட்டில் தேய்ந்த பை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பைக்கில் போகிறவர்கள் பையை ஒழுங்காக மாட்டாமல் ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, திருப்பத்தில் விழுந்து எழுந்து, மறுநாள் அவளிடம்தான் வருவார்கள். அவளும் நாலு வார்த்தை நன்றாகக் கொடுத்துவிட்டுத்தான் ஊசியில் நூல் கோப்பாள். அன்று அவளுக்குத் திட்டுவதற்கு வாய் வரவில்லை.

ஜிப்பை இழுத்தாள். உள்ளேயிருந்து கிராம்பு எண்ணெய் வாசனை குப்பென்று வந்தது.

பல் ஆஸ்பத்திரி வாசனை.

யாரும் கேட்காமலே அந்த அம்மாள் சொல்ல ஆரம்பித்தார். பை அவருடைய ஒரே மகளுடையது. பல் ஆஸ்பத்திரியில் வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிற வேலை. காலையில் நேரமாகிவிட்டால் போனில் பைக் டாக்சி கூப்பிட்டுப் போவாள். அப்படிப் போன ஒரு நாள், பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வேன் இடித்துவிட்டது. வேன்காரன் நிற்காமல் போய்விட்டான். பைக் ஓட்டியவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. மகளுக்குத் தலையில் அடி. ஆஸ்பத்திரி வாசல் வரைகூட உயிர் தாங்கவில்லை.

ஜிப்பக்கா வாரைப் பிடித்திருந்த கையை மேஜைக்குக் கீழே கொண்டுபோனாள்.

"அந்த ஆள் ஹெல்மெட் குடுத்திருக்கான்மா. இவதான் முடி கலைஞ்சிடும்னு ஸ்ட்ராப்பைப் போடாம விட்டிருக்கா. போலீஸ்காரரே எனக்குக் காட்டினாரு. ஸ்ட்ராப் நல்லாத்தான் இருந்துச்சு, பக்கிளும் நல்லாத்தான் இருந்துச்சு." அந்த அம்மாள் பையின் உரிந்த பக்கத்தைத் தடவிக்கொண்டே பேசினார். "திமிரு. வேற என்ன. துக்கம் கேக்க வந்தவங்க மூஞ்சியில என்னால முழிக்க முடியல. ஒரு ஸ்ட்ராப்பைப் போடச் சொல்லி வளர்க்கத் தெரியலன்னுதானே நினைப்பாங்க? தினமும் அவ போட்டோ முன்னால உட்கார்ந்து திட்டறேன்."

சர்ர்ர்க்.

கடைக்குள் எங்கேயோ, யாரோ எதையோ பிய்த்தது போல ஒரு சத்தம்.

"நாளைக்குச் சாயங்காலம் வாங்கம்மா," என்றாள் ஜிப்பக்கா. அந்த அம்மாள் போய்ப் படி இறங்கும் வரை அவள் தலை நிமிரவேயில்லை.

அந்தப் பைக் டாக்சிக்காரன் வேறு யாரும் இல்லை, அவள் புருஷன்தான்.

அவனிடம் இரண்டு ஹெல்மெட்டுகள் உண்டு. ஒன்று அவனுக்கு. இன்னொன்று பின்சீட்டில் வருகிறவர்களுக்கு. பின்சீட்டு ஹெல்மெட்டில் ஒரு தொல்லை. ஏறுகிறவர்களுக்கெல்லாம் பக்கிள் போடத் தெரியாது. தாடைக்கடியில் தடவித் தடவி, கடைசியில் அவனே இறங்கி வந்து போட்டுவிட வேண்டும். அதற்குள் அடுத்த சவாரி வேறொருவனுக்குப் போய்விடும். புலம்பிக்கொண்டு வந்தவனிடம் ஜிப்பக்காதான் வழி சொன்னாள். பக்கிளை வெட்டி எடுத்துவிட்டு, பள்ளிக்கூடப் பைகளுக்குப் போடுகிற வெல்க்ரோவை வாரின் இரண்டு முனையிலும் தைத்துவிடலாம். வைத்தால் ஒட்டும், இழுத்தால் பிரியும். தூரத்தில் நிற்கிற போலீஸுக்கு வார் போட்டது போலவே தெரியும். கறுப்பு நூல் தீர்ந்திருந்தது. சாம்பல் நிற நூலில் தைத்தாள். தைத்து முடித்ததும் தன் தலையிலேயே மாட்டிக் கண்ணாடியில் பார்த்து, என் கைவேலை எப்படி என்று அவனிடம் பெருமையாகக் கேட்கவும் செய்தாள்.

பையில் பென்சில் விழாமல் இருக்கத்தான் வெல்க்ரோ. மனிதத் தலை அதற்கு ரொம்பக் கனம்.

விபத்து நடந்த அன்று காலை அவன் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு, பாலத்தடியில் எதிர்த்திசையில் புகுந்தான். வேன் வந்தது. இரண்டு பேரும் விழுந்தார்கள். அவன் தலைக்கு வார் இருந்தது. அந்தப் பெண்ணின் ஹெல்மெட் அவளுக்கு முன்னால் உருண்டு போனது. ஆட்கள் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, அவன் ஹெல்மெட்டைப் பொறுக்கிக்கொண்டு நேராக இந்தக் கடைக்கு வந்தான். அழுதுகொண்டுதான் வந்தான். இருந்தாலும் வந்தான்.

ஜிப்பக்கா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வெல்க்ரோவைப் பிரித்து சாக்கடையில் போட்டாள். பழைய பக்கிள் உதிரி டப்பாவிலேயே கிடந்தது. எடுத்துத் தைத்தாள், இந்த முறை கறுப்பு நூலில். உள்ளே பஞ்சில் நீளமாக ஒரு முடி ஒட்டியிருந்தது. அதையும் எடுத்து வெளியே ஊதிவிட்டாள். அந்த ஹெல்மெட்டைத்தான் அவன் போலீஸிடம் கொண்டுபோய்க் காட்டினான்.

அதன் பிறகுதான் அவள் பேசுவதை நிறுத்தினாள்.

அந்த அம்மாள் போனதும் பையைத் தைக்க உட்கார்ந்தாள். வேலையை முடித்துக் கொடுத்துவிட்டால் அந்த முகத்தை மறுபடி பார்க்க வேண்டியதில்லை என்ற நினைப்பு. சின்னப் புத்தி என்று அவளுக்கே தெரிந்தது. மெஷின் நாலு தையல் போட்டு நின்றது. சக்கரத்தைக் கையால் சுற்றினாள், நகரவில்லை. பாபின் சிக்கியிருக்கும் என்று கீழே மூடியைத் திறந்து வெளியே எடுத்தாள்.

பாபினில் நூல் இல்லை.

முடி சுற்றியிருந்தது. நீளமான, கறுப்பு முடி. ஒழுங்காக, நெருக்கமாக, நூல் சுற்றுவது போலவே.

மேலே லாரி போயிற்று. லைட் சிமிட்டியது. கிராம்பு வாசனை அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது. அவள் திரும்பவில்லை. திரும்பிப் பார்க்க அவளுக்குப் பயம் என்பதைவிட வெட்கம். பார்த்தால் என்ன சொல்வது?

சாயங்காலம் புருஷன் வந்தான். விபத்துக்குப் பிறகு அவள் அவன் வண்டியில் ஏறியதில்லை, நடந்தே வீட்டுக்குப் போய்விடுவாள். அன்று நடக்கத் தெம்பில்லை. அவன் பின்சீட்டு ஹெல்மெட்டை நீட்டினான். கண்ணை மூடிக்கொண்டு மாட்டினாள். பக்கிளை அழுத்தினாள். டக் என்று மாட்டியது. ஒன்றுக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

வண்டி கிளம்பியது. வெளிச்சம் இன்னும் போகவில்லை, கடைகளில் அப்போதுதான் விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். பழைய பழக்கத்தில் அவன் தோளில் வைக்கக் கையை நீட்டினாள். எட்டவில்லை.

அவள் சீட்டின் கடைசியில், பின்கம்பியில் முதுகு இடிக்க உட்கார்ந்திருந்தாள். முன்னால் நகர்ந்து உட்காரப் பார்த்தாள். முடியவில்லை. முழங்கால் எதிலோ முட்டியது. துணி போல, துணிக்குள் குளிர்ந்த ஏதோ போல.

சர்ர்ர்க்.

அவளுக்கு முன்னால். அவள் காதுக்கு ஒரு சாண் தூரத்தில்.

"என்னங்க," என்றாள் மெதுவாக. "உங்களுக்குக் கேக்குதா?"

அவன் கழுத்து விறைத்ததைப் பார்த்தாள். அவனுக்கு ஒட்ட வெட்டிய கிராப்பு. எனினும் முன்னாலிருந்து காற்றில் பறந்து வந்த நீளமான முடி அவள் உதட்டில் பட்டு, வாய்க்குள் போயிற்று.

பாலத்தைத் தாண்டி நாலு ரோடு சந்திப்பு. அங்கே நிற்கிற டிராபிக் கான்ஸ்டபிளுக்கு வண்டிக்காரர்கள் வைத்த பெயர் தாடை சார். அந்த இரைச்சலில் கத்திப் புண்ணியமில்லை என்று, யார் ஸ்ட்ராப் போடாமல் வந்தாலும் தன் தாடைக்கடியில் இரண்டு விரலால் தட்டிக் காட்டுவார். தட்டியும் போடாவிட்டால் வண்டி ஓரம் கட்டப்படும். அன்று அவர் விசில் ஊதி அவர்கள் வண்டியை நிறுத்தினார். மூன்று விரலை உயர்த்திக்கொண்டு கிட்டே வந்தார்.

"ஏம்ப்பா, மூணு பேரை ஏத்திட்டுப் போற..."

பாதியில் நின்றார். அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நடுவில் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"போ, போ," என்றார். காலையிலிருந்து வெயிலில் நிற்கிறேன் என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு, விரலை ஒவ்வொன்றாக மடக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் ஜிப்பக்கா ஹெல்மெட்டை மேஜையில் வைத்து விளக்கடியில் திருப்பினாள். சற்று முன் அவள் கையால் அழுத்திப் பூட்டிய பக்கிள் அதில் இல்லை. வாரின் இரண்டு முனையிலும் வெல்க்ரோ இருந்தது. சாக்கடை ஈரம் காயாமல், அழுகிய வாடையோடு. ஓரம் முழுக்கச் சாம்பல் நிற நூல். அவள் கைத்தையல்தான். மூலை திரும்பும்போது ஒரு தையல் பின்னால் போட்டு இறுக்குவது அவள் பழக்கம். அதுவும் அப்படியே இருந்தது.

புருஷன் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான். பிறகு அவனும் சொன்னான். இத்தனை நாளும் மனசில் வைத்துப் புழுங்கியிருக்கிறான். பின்னால் ஏறுகிற யாரும் சரியாக உட்காருவதில்லையாம். நகர்ந்து நகர்ந்து கடைசியில் போய் ஒட்டிக்கொண்டு, இடமே இல்லையே அண்ணா என்கிறார்களாம். தினமும் காலையில், அந்த நேரத்துக்கு, முதுகில் யாரோ தலை சாய்க்கிறார்களாம்.

அந்த அம்மாள் கடைக்கு வந்ததைச் சொல்லி, அவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவள் ஆரம்பித்தாள். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். லைசென்ஸ் போய்விடும், ஜெயிலுக்குத்தான் போக வேண்டும், அவளையும் சேர்த்து இழுப்பார்கள் என்றான். எல்லாம் உண்மைதான். போனவள் திரும்பி வரப்போவதில்லை என்றும் சொன்னான்.

"அந்தம்மா பொண்ணைத் திட்டுதுங்க," என்றாள் ஜிப்பக்கா. "செத்துப்போன பொண்ணை, தினமும் உட்கார்ந்து திட்டுது. நம்மளைத் திட்ட வேண்டியதை."

அவன் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான்.

மறுநாள் சாயங்காலம் அந்த அம்மாள் வந்தார். பை தயாராக இருந்தது. மெஷினில் தைக்கவில்லை, கையாலேயே, இரட்டை நூலில், காலையிலிருந்து உட்கார்ந்து தைத்திருந்தாள். அவர் வாரை இழுத்துப் பார்த்து, தோளில் மாட்டிக்கொண்டு, நல்ல கை உனக்கு என்று பாராட்டினார். அந்தப் பாராட்டு கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. ஜிப்பக்கா ஹெல்மெட்டை எடுத்து மேஜையில் வைத்தாள்.

சொன்னாள். வெல்க்ரோ, எதிர்த்திசை, சாக்கடை, பக்கிள், எல்லாவற்றையும். சொல்லும்போது அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. வந்தாலாவது ஒரு மறைப்பு இருந்திருக்கும். காது மடல் வரை எரிந்தது, அவ்வளவுதான். அந்த அம்மாள் வெல்க்ரோவைக் கையில் எடுத்து ஒட்டிப் பார்த்தார். பிரித்துப் பார்த்தார். சர்ர்ர்க். மறுபடி ஒட்டினார்.

"அப்ப அவ ஸ்ட்ராப் போட்டிருந்தாளா?"

"போட்டிருந்தாங்கம்மா. அவங்க ஒழுங்காத்தான் போட்டிருந்தாங்க."

"முடிக்காக அவுத்து விடல?"

"இல்லம்மா."

அந்த அம்மாள் தலையை ஆட்டினார். பையை இறுக்கி அணைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"இதைப் பிரிச்சுட்டு அந்தப் பக்கிளைத் தைச்சியே, அப்பக்கூடவா உனக்குக் கை நடுங்கல?"

ஜிப்பக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியும் என்பது இருவருக்குமே தெரியும். அந்தக் கேள்விக்கு மட்டும் அவள் பொய் சொல்லவில்லை.

"நடுங்கலம்மா."

வாசலில் வண்டி வந்து நின்றது. அவள் புருஷன். உள்ளே இருந்தவரைப் பார்த்ததும், மேஜையில் ஹெல்மெட்டைப் பார்த்ததும், அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஓடிவிடுவான் என்றுதான் ஜிப்பக்கா நினைத்தாள். அவன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தபடி நின்றான். பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்குத்தானே என்று கேட்டான். குரல் காற்றாகத்தான் வந்தது. சந்திப்பைத் தாண்டினால் ஸ்டேஷன். அந்த அம்மாள் அவன் வண்டியில் ஏற மாட்டேன் என்றார். இரண்டு பெண்களும் நடப்பது, அவன் வண்டியில் வருவது என்று ஆயிற்று. ஹெல்மெட்டைச் சாட்சிக்குக் கொண்டுபோக வேண்டும். அவன் அதைப் பின்சீட்டில் வைத்துக் கயிற்றால் கட்டினான்.

அந்த அம்மாளும் ஜிப்பக்காவும் சந்திப்பின் ஓரத்தில் போய் நின்றார்கள். பக்கத்தில் நடக்க ஜிப்பக்காவுக்குக் கூசியது, இரண்டடி பின்னாலேயே வந்தாள். சிக்னல் சிவப்பு. வண்டிகள் வழக்கம்போலக் கோட்டைத் தாண்டி, ஜீப்ரா கிராசிங் மேலேயே முட்டி மோதி நின்றன. அவன் வண்டி மட்டும் கோட்டுக்குப் பின்னால் நின்றது. அவன் அப்படி நின்று ஜிப்பக்கா பார்த்ததே இல்லை. அவன் ஒரு காலை ஊன்றி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தனியாகத்தான் வந்திருந்தான். ஆனால் வண்டியின் பின்பக்கம் அமுங்கியிருந்தது, ஆள் ஏறினால் அமுங்குமே, அப்படி.

பின்சீட்டில் கட்டிவைத்த ஹெல்மெட் சீட்டில் இல்லை. அவன் தலை உயரத்துக்கு, அவனுக்குப் பின்னால் இருந்தது. கயிறு அறுந்து தொங்கியது.

தாடை சார் வண்டிகளுக்கு நடுவே நடந்து வந்தார். அவன் முன்னால் வந்து நின்றார். அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே, பின்னால் பார்த்தார். அலுத்துப்போன முகத்தோடு, இரண்டு விரலால் தன் தாடைக்கடியில் தட்டிக் காட்டினார்.

ஒரு தடவை. மறுபடியும் ஒரு தடவை.

சர்ர்ர்க்.

அத்தனை ஹாரன் சத்தத்திலும் அது ரோட்டைத் தாண்டி வந்து ஜிப்பக்காவின் காதில் விழுந்தது. அந்த அம்மாளுக்கும் விழுந்திருக்க வேண்டும். பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் நடைபாதையிலிருந்து ஓரடி இறங்கினார்.

"அவ போட்டிருக்கா சார்," என்றார். கான்ஸ்டபிளுக்குக் கேட்கிற குரல் இல்லை அது. "என் பொண்ணு ஸ்ட்ராப் போட்டிருக்கா. நல்லாப் பாருங்க."

பச்சை விழுந்தது. வண்டிகள் கிளம்பின. கிராம்பு வாசனை அவர்களைக் கடந்து ஸ்டேஷன் இருக்கும் பக்கமாகப் போனது. தாடை சார் நடு ரோட்டில் நின்று, தாடையில் வைத்த விரலை எடுக்காமல், போகிற அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.